நாலாவது நாடா

யாரு அனுப்பினதுன்னு சொன்னீங்க? கண்ணாடிக் கடைக்காரரா? அவருக்கு இதே வேல. யாராவது டெண்டர்னு வாயத் தொறந்தா போதும், என் வீட்டு அட்ரஸ எழுதிக் குடுத்துடுவாரு. சரி, வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க தம்பி. அந்தப் பேப்பர இப்படிக் குடுங்க.

ம். ராணுவத்துக்கு கான்வாஸ் பை. நீங்க பை தைக்கிறவரா? நல்லது. சிவப்புப் பேனாவுல ரெண்டு எடத்துல கோடு போட்டிருக்கீங்க. ஒண்ணு, பொருளோட பேரு. இன்னொண்ணு, கடைசித் தேதி. நடுவுல இத்தன வரி இருக்கே, அதப் படிச்சீங்களா? படிக்கல. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. உங்களக் குத்தம் சொல்லல. எல்லாரும் அப்படித்தான். சினிமா டிக்கெட்டுக்குப் பின்னால இருக்கறதப் படிக்கிறோமா, அந்த மாதிரி நெனச்சுக்கறாங்க.

டெண்டர்ங்கறது மாயமும் இல்ல, மந்திரமும் இல்ல. அரசாங்கம் சொல்லுது: எனக்கு இந்தப் பொருள் வேணும், இப்படி வேணும், யாரு கம்மி வெலைக்குக் குடுப்பீங்க? அவ்வளவுதான். ரெண்டு கவர். மொதக் கவர்ல, நீங்க யாரு, மிஷின் இருக்கா, இதுக்கு முன்ன யாருக்காவது செஞ்சு குடுத்திருக்கீங்களா. ரெண்டாவது கவர்ல வெல. மொதக் கவர்ல தேறினவங்களோட வெலையத்தான் பிரிச்சுப் பாப்பாங்க. அதுல யாரு கம்மியோ அவங்களுக்கு ஆர்டர். இப்ப கவரெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள போயிடுச்சு, ஆனா கவரு கவருதான். சந்தேகம் இருந்தா கேக்கறதுக்குன்னு ஒரு கூட்டம் வெப்பாங்க, அங்க வந்து கேக்கணும். கேப்பாங்களா? பின்னாடி பெஞ்சுல உக்காந்து பிஸ்கட் தின்னுட்டுப் போயிடுவாங்க. அப்புறம் டெண்டர் கெடைக்கலன்னா, உள்ள எவனோ காசு வாங்கிட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க.

நான் ஒருத்தன்கிட்ட ஒரு டீ வாங்கிக் குடிச்சவன் இல்ல. அத மொதல்ல தெரிஞ்சுக்கோங்க. வீட்லேர்ந்து பிளாஸ்க்ல காபி எடுத்துட்டுப் போவேன். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டாந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன். நான் வேல பாத்த ராணுவ டிப்போவுல எனக்குப் பட்டப் பேரே 'சீல்' பரசுராமன். கேலியாத்தான் வச்சாங்க. நான் பெருமையாத்தான் எடுத்துக்கிட்டேன்.

வத்சலா, ரெண்டு காபி போடேன்!

அந்த சீல்தான் விஷயம். கேளுங்க. ராணுவத்துக்கு எந்தப் பொருள் வாங்கினாலும் வெறும் எழுத்துல எழுதி முடியாது. துணி எப்படி இருக்கணும், தையல் எப்படி விழணும்னு பேப்பர்ல எவ்வளவு எழுதுவீங்க? அதனால ஒரு சாம்பிள் வெச்சிருப்பாங்க. அதுல ஒரு அட்டை கட்டி, அரக்கு உருக்கி ஊத்தி, முத்திர போட்டிருக்கும். சீல் வச்ச சாம்பிள். டெண்டர் போடறவங்க யாரு வேணா ஆபீஸுக்கு வந்து பாக்கலாம். அப்புறம் சரக்கு வந்ததும், அந்த சாம்பிள மேசையில விரிச்சு, பக்கத்துல சரக்க விரிச்சு, என்ன மாதிரி எக்ஸாமினர் ஒருத்தன் ஒப்பிட்டுப் பாப்பான். ஒத்துப் போனா பாஸ். இல்லன்னா ரிஜெக்ட். எழுத்துல இருக்கறதும் சாம்பிள்ல இருக்கறதும் முரண்பட்டா சாம்பிள்தான் செல்லும்னு எங்க டெண்டர்லயே ஒரு வரி இருந்துச்சு. உங்க பேப்பர்லயும் அப்படி எதாவது இருக்கான்னு தேடுங்க. இருந்தா அதுக்குக் கீழ போடுங்க சிவப்புக் கோடு.

இந்த ஒரு வரியப் படிக்காம கெட்டுப் போனவன் ஒருத்தன் இருந்தான். கரூர்க்காரன். நாச்சிமுத்துன்னு பேரு. அவன் கதையச் சொன்னா உங்களுக்கு டெண்டர் முழுசாப் புரிஞ்சிடும்.

காபிய வெச்சுட்டுப் போறா பாருங்க. நாச்சிமுத்து பேர எடுத்தா இவளுக்கு ஆகாது, உள்ள போயிடுவா. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டா. விடுங்க.

பொருள் கொசுவல. பச்சைக் கலர்ல, ஒத்தக் கட்டிலுக்கு, பெட்டி மாதிரி நிக்கற வல. கட்டிலோட நாலு மூலையிலயும் கம்பு இருக்கும், வலையோட மேல் மூலையில இருக்கற நாடாவக் கம்புல கட்டணும். எங்க டிப்போ சாம்பிள்ல நாடா மூணு.

மூணுதான். ஏன் சிரிக்கிறீங்க? நாலாவது மூலையில நாடா கெடையாது, நூல் பிசிறு மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கும். நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாலேர்ந்தே அப்படித்தான். பழைய காண்ட்ராக்டர் கோவர்த்தனம்னு ஒருத்தர், வெவரமான மனுஷன். அவரு என்ன பண்ணுவாரு தெரியுமா? நாலு மூலையிலயும் நாடாவத் தைப்பாரு. தச்சு முடிச்சதும் ஒரு மூலையில மட்டும் கத்திரியால வெட்டி, பிசிறு நிக்கற மாதிரி விட்டுடுவாரு. சாம்பிள்ல எப்படி இருக்கோ அச்சு அசலா அப்படியே. அவரு ஷெட்ல இதுக்குன்னே ஒரு ஆளு உக்காந்து வெட்டிக்கிட்டு இருப்பானாம். இதுக்குப் பேருதான் தொழில் பக்தி. ஏன், எதுக்குன்னு அவரு ஒரு தடவ கேட்டதில்ல.

அந்த வருஷம் நாச்சிமுத்து வந்தான். கரூர்ல பத்துப் பதினஞ்சு பொம்பளைங்கள வெச்சு ஷெட்ல தச்சுக்கிட்டு இருந்தவன். வெலையில கோவர்த்தனத்தத் தாண்டிட்டான், ஆர்டர் கெடச்சிடுச்சு. டெண்டர் போடறதுக்கு முன்னாடி சாம்பிளப் பாக்கவும் வந்தான், அதயும் சொல்லிடணும். நான்தான் எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பாத்தான். தொட்டுப் பாத்தான். நாலாவது மூலையப் பாத்துட்டு ஒண்ணுமே கேக்கல. பின்னாடி காரணம் சொன்னான்: "பழசானதுல நாடா பிஞ்சு உழுந்து போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க சார். டெண்டர்ல போட்டிருக்கற வரைபடத்துல நாலுன்னுதானுங்களே இருக்குது."

நெனச்சனுங்க! கேட்டீங்களா? அங்கதான் தப்பு. நெனைக்கச் சொல்லி எந்த டெண்டர்ல எழுதியிருக்கு?

சரக்கு வந்துச்சு. லாரியோட அவனும் வந்தான். சும்மா சொல்லக் கூடாது, சுத்தமான வேல. தையல் நூல் புடிச்ச மாதிரி நேரா ஓடியிருந்துச்சு. மேசையில சாம்பிள விரிச்சேன், அவன் வலைய விரிச்சேன். துணி சரி. நீளம் சரி. அகலம் சரி. நாடாவ எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலு.

"நாடா அதிகம். ரிஜெக்ட்"ன்னேன்.

வெளையாடுறேன்னு நெனச்சுட்டான் போல, சிரிச்சான். எனக்கு ஆபீஸ்ல சிரிக்கிறவனக் கண்டாலே ஆகாது. அப்புறம் என் மூஞ்சியப் பாத்துட்டுப் புரிஞ்சுக்கிட்டான். "ஏனுங் சார், கட்டிலுக்கு நாலு காலுதானுங்களே? மூணு மூலையக் கட்டுனா ஒரு பக்கம் தொங்கிப் போயிருமுங்களே? அதுக்குள்ள கொசு பூந்துருமுங்க"ன்னான். கட்டிலுக்கு எத்தன காலுன்னு எனக்குச் சொல்லித் தர்றான். "கட்டில் இந்த டெண்டர்ல வராது"ன்னேன்.

"அப்ப ஒரு நாடாவ வெட்டிப் போடட்டுங்களா? கத்திரி குடுங்க, இங்கயே உக்காந்து வெட்டிர்றனுங்க"ன்னான். முடியாது. பரிசோதனைக்குன்னு சரக்கக் குடுத்தப்புறம் ஒரு நூலக்கூடத் தொடக் கூடாது. அது ரூல். அதச் சொன்னேன். "சார், இது திரும்பி வந்தா என்ற ஷெட்ட மூடிர வேண்டியதுதானுங்க. நூலு வாங்குன கடன் நிக்குதுங்க. பச்சைக் கலரு வலைய வெளிய ஒருத்தரும் வாங்க மாட்டாங்க"ன்னு கையக் கூப்பினான். வாஸ்தவம்தான், வாங்க மாட்டாங்க. அதுவும் ரிஜெக்ட் ஆன ராணுவச் சரக்குல மூலைக்கு மூல கறுப்பு மை முத்திர குத்தித்தான் வெளிய விடுவோம். அவன் ஷெட்டு தெறந்திருக்கணும்னா அந்தச் சரக்கு பாஸ் ஆகணும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா ஒவ்வொருத்தன் ஷெட்டையும் பாத்து நான் நாடாவ எண்ண முடியுமா?

அப்பதான் அந்தக் கூத்து நடந்துச்சு. கும்பிட்டுக்கிட்டு நின்னவன் கண்ணு திடீர்னு எனக்குப் பின்னால போச்சு. பின்னால என்ன இருக்கு, சாம்பிள் வெக்கற இரும்பு அலமாரி. பூட்டு ஒடஞ்சு போய் எந்தக் காலமோ ஆச்சு. ரெண்டு கைப்புடியையும் சேத்து ஒரு பச்ச நாடாவால கட்டி வெச்சிருப்போம். சாயங்காலம் நானேதான் கட்டுவேன், காலையில நானேதான் அவுப்பேன். இவன் நேரா அங்க போனான். அந்த நாடாவ அவுத்தான். எடுத்துட்டு வந்து, மேசையில இருந்த சாம்பிளோட நாலாவது மூலையில, அந்தப் பிசிறு மேல வெச்சான்.

"சார், உங்க நாலாவது நாடா இதானுங்க"ன்னான்.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! அரசாங்க அலமாரியத் தொறக்க இவன் யாரு? அதே அகலம், அதே நெசவு, அதே பச்சன்னு புலம்பிக்கிட்டே இருந்தான். பச்ச நாடா உலகத்துல ஒண்ணுதான் இருக்கா? "இது அலமாரி நாடா. வருஷா வருஷம் சாமான் சரிபாக்கறப்ப அலமாரி ஒண்ணு, நாடா ஒண்ணுன்னு நானே எண்ணிச் சொல்றேன். இதக் கொசுவலையோடதுன்னு சொன்னா அலமாரிக்கு நாடா எங்கன்னு எனக்குக் கேள்வி வராதா?"ன்னேன். நாடாவ என் கையில குடுத்துட்டு அப்படியே தரையில உக்காந்துட்டான்.

அந்த நேரம் பாத்து மேடம் உள்ள வந்தாங்க. மேஜர் சுகிர்தா. நாகர்கோவில் பக்கம். டிப்போவுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு, அதுக்குள்ள எல்லாத்தையும் மாத்தணும்னு ஒரு வேகம். புதுசா வர்ற ஆபீசருங்க எல்லாம் இப்படித்தான், மாத்தறதுக்கு ஒண்ணும் கெடைக்கலன்னா சொவத்துக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லுவாங்க. தரையில ஒருத்தன் உக்காந்திருக்கறதப் பாத்து என்னன்னு கேட்டாங்க. சொன்னேன். அவனும் சொன்னான்.

ஒரு கட்டில் கொண்டாரச் சொன்னாங்க. ஆபீஸ் நடுவுல கட்டில்! மொதல்ல சாம்பிளக் கட்டச் சொன்னாங்க. மூணு மூல நின்னுச்சு, நாலாவது மூல தொங்குச்சு. தொங்கினா தொங்கட்டும், சாம்பிள் அப்படித்தானே? அப்புறம் நாச்சிமுத்து வலையக் கட்டினாங்க. தொப்பியக் கழட்டி வெச்சுட்டு, யூனிபாரத்தோட அதுக்குள்ள போய்ப் படுத்தாங்க அந்த அம்மா. கிளார்க்குங்க எல்லாம் வாயப் பொத்திக்கிட்டு நிக்கறானுங்க. உள்ளேர்ந்தே கேட்டாங்க: "பரசுராமன், நீங்க எப்பவாவது இதுக்குள்ள படுத்துப் பாத்திருக்கீங்களா?"

"மேடம், ஆபீஸ் நேரத்துல நான் படுக்கறதில்ல"ன்னேன்.

நல்லா சொன்னேன்ல? அப்புறம் எழுந்து உக்காந்து ஒரு கத சொன்னாங்க. அவங்க முன்னால அஸ்ஸாம் பக்கம் காட்டுல இருந்தப்ப, ஜவான்கள் எல்லாரும் வலையோட ஒரு மூலைய ஷூ லேஸால கட்டுவாங்களாம். அதுதான் மொறைன்னு இவங்களும் நெனச்சாங்களாம். ஒரு பையன் லேச ரெண்டு ஷூவுக்கும் கட்டிட்டு வலைய அப்படியே தொங்க விட்டுத் தூங்கியிருக்கான். மூளைக்கு ஏறின மலேரியா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள போயிட்டானாம். "அவன் பொட்டியக் கட்டி ஊருக்கு அனுப்பினது நான்தான். அந்த வலையும் இந்த டிப்போவுலேர்ந்து பாஸ் ஆகி வந்ததுதான்"னாங்க.

பாவம்தான். கேக்கறப்ப எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஆனா தம்பி, காய்ச்சலுக்கு மருந்து வாங்கற பிரிவு வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

அந்தச் சரக்க ஏத்துக்கச் சொன்னாங்க. முடியாதுன்னு எழுதிக் குடுத்தேன். ஏன்னு நீங்களும் தெரிஞ்சுக்கணும், இதுதான் டெண்டரோட உயிர். மத்தவங்க எல்லாரும் மூணு நாடாவுக்கு வெல போட்டிருக்காங்க. இவன் நாலு நாடா வலையக் கொண்டாந்தா, அது வேற பொருள். வேற பொருள இவன்கிட்ட மட்டும் வாங்கினா மத்தவங்களுக்குச் செஞ்ச அநியாயம் ஆகாதா? மேலிடத்துக்குப் போச்சு. மேலிடம் நான் எழுதினதத்தான் சரின்னுச்சு. நாலு நாடா வேணும்னா சாம்பிள மாத்துங்க, மாத்திட்டு மறுபடி டெண்டர் விடுங்க. இந்தச் சரக்கு ரிஜெக்ட். மேஜரா இருந்தா என்ன, ரூலுக்கு முன்னால எல்லாரும் ஒண்ணுதான். அன்னைக்கு வீட்டுக்கு வந்து பாயசம் வெக்கச் சொன்னேன். இவ வெக்கல.

புது சாம்பிளுக்கு எங்க போறது? கையில இருக்கறதுல உருப்படியான வல நாச்சிமுத்துவோடதுதான். ரிஜெக்ட் ஆன கட்டுலேர்ந்து முத்திர குத்தாத ஒண்ண மேடமே எடுத்து, "இதுக்கு சீல் வைங்க"ன்னாங்க. சீல் வெக்கறதுக்கு முன்னாடி செஞ்சவங்க பேரு இருக்கற லேபிள எடுத்துடணும். யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சா பாரபட்சம்னு ஆகிடும் இல்லையா? 'பாப்பாத்தி டெக்ஸ்'னு ஒரு சின்ன லேபிள், ஓரத்துல தச்சிருந்தான். அவன் பொண்டாட்டி பேராம். நான்தான் பிளேடால தையலப் பிரிச்சு எடுத்தேன். சரக்கத் திருப்பி ஏத்திட்டுப் போக வந்திருந்தவன் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். அந்த லேபிளக் குடுப்பீங்களான்னு கேட்டான். ரூல்ல தேடிப் பாத்தேன், குடுக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. குடுத்துட்டேன். சட்டப் பையில வெச்சுக்கிட்டான். ஒரு நன்றி சொல்லல. இவங்களுக்கு நல்லது செஞ்சாலும் இப்படித்தான்.

மறுபடி டெண்டர் வந்துச்சு. பேப்பர்ல பாத்துட்டு நாச்சிமுத்து ஓடி வந்தான். "என்ற வலையத்தானுங்க சாம்பிளா வெச்சிருக்கறீங்க, இந்தத் தடவ தப்பே வராதுங்க"ன்னான். படிச்சானா? படிக்கல! மொதக் கவர் பத்திச் சொன்னேனே, அதுல ஒரு வரி: அதே பொருள்ல சரக்கு ரிஜெக்ட் ஆனவங்க இத்தன வருஷத்துக்குக் கலந்துக்க முடியாது. சேப்டிக்கு வெச்ச ரூல். வெரல வெச்சுக் காட்டினேன். மேடம்கிட்ட போகலாம்னு பாத்தான், அவங்களுக்கு அதுக்குள்ள மாத்தல் வந்துடுச்சு. ஷெட்ட மூடிட்டான்னு அப்புறம் கேள்விப்பட்டேன்.

ஆர்டர் கோவர்த்தனத்துக்குப் போச்சு. ஆனா அவரு ஆளுங்களுக்கு நாலாவது மூலைய வெட்டித்தான் பழக்கம், கெட்டியாத் தைக்க வரல. அவரு வெவரமான மனுஷன்னு சொன்னேன்ல? நாச்சிமுத்துவச் சம்பளத்துக்கு வெச்சுக்கிட்டாரு, மேஸ்திரியா.

மொத லோடு வந்தப்ப காண்ட்ராக்டர் ஆளா அவன்தான் வந்தான். கொஞ்சம் இளைச்சிருந்தான். நான் சாம்பிள மேசையில விரிச்சேன், சரக்க விரிச்சேன். தம்பி, என் சர்வீஸ்ல அப்படி ஒரு பொருத்தத்த நான் பாத்ததில்ல. தையலுக்குத் தையல், முடிச்சுக்கு முடிச்சு. ஒரு நூலு கூடல, ஒரு நூலு கொறையல. எந்த வல சாம்பிள், எந்த வல சரக்குன்னு அரக்கப் பாத்துத்தான் நானே கண்டுபுடிச்சேன். பாஸ் போட்டேன். மனசு நெறஞ்சு போயி அவன் முதுகுல தட்டிக் குடுத்தேன். "பாத்தியாய்யா, சாம்பிளப் பாத்து ஒழுங்காச் செஞ்சா எப்படி வருது பாத்தியா? இத அன்னைக்கே செஞ்சிருந்தா இந்நேரம் நீ மொதலாளி"ன்னேன்.

அவன் சாம்பிள ஒரு தரம் பாத்துக்கட்டுங்களான்னு மட்டும் கேட்டான். காண்ட்ராக்டர் ஆளுக்கு அந்த உரிம உண்டு. பாருன்னேன். லேபிள் இருந்த எடத்துல தையல் போன ஓட்ட வரிசையா இருக்கும், அத வெரலால தடவிக்கிட்டே நின்னான். அப்புறம் என்னப் பாத்துக் கேட்டான்: "ஏனுங் சார், இத யாரு தச்சதுங்க?"

இத்தன பட்டும் புத்தி வரல பாருங்க. "சாம்பிள யாரும் தைக்கிறதில்லய்யா"ன்னேன். "சாம்பிள் இருக்கும். அவ்வளவுதான்."